இத்தா இருந்த இங்கிலீஷ்காரர் வீட்டுக் கல்யாணம்

என் மாமியாரிடம் இருப்பது பட்டன் ஃபோன். அதனால் துபாயிலிருந்து வந்த கல்யாண அழைப்பு என் ஃபோனுக்கு வந்தது. மணமகள் ஹன்னா, பர்னார்டு என்ற இங்கிலாந்துக்காரரின் பேத்தி. அவளும் மாப்பிள்ளையும் துபாயில் வேலை பார்க்கிறார்கள். 'தாத்தாவைக் காப்பாற்றிய செய்யதுவின் குடும்பம் வராமல் எங்கள் கல்யாணம் நிறைவடையாது' என்று எழுதியிருந்தாள். செய்யது என் மாமனார். அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. நான் தமிழில் சொல்லச் சொல்ல மாமி கண்ணை மூடிக் கேட்டார்.

“என் பேரு போட்டிருக்கா புள்ள?”

“குடும்பம்னா நீங்களுந்தானே மாமி.”

“அதுஞ் சரிதான்” என்று எழுந்துபோய்த் தொதல் கிண்டத் தேங்காய் உடைக்க ஆரம்பித்துவிட்டார். கீழக்கரைக்காரர்கள் யார் வீட்டுக்குப் போனாலும் தொதல் என்கிற இந்தக் கருப்பட்டி அல்வாவோடுதான் போவார்கள்.

என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகவே நானும், இரண்டு வயது மகள் ஹுதாவும், மாமியும், கால் மூட்டை கனத்தில் ஒரு தொதல் டப்பாவும் கிளம்பினோம். என் பையில் ஹுதாவுக்குக் காய்ச்சல் மருந்து, வாந்தி மருந்து, அந்த மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் கொடுக்க வேறொரு மருந்து எல்லாம் இருந்தன. மாமியின் பையில் ஓதி உருட்டும் தஸ்பீஹ் மணிமாலையும் ஒரு மாற்றுச் சேலையும் இருந்தன. விமானம் மேலே ஏறும்போது காது அடைத்து அழப்போவது ஹுதா என்று நினைத்து மிட்டாயைக் கையில் தயாராக வைத்திருந்தேன். ஹுதா தூங்கிவிட்டாள். அழாத குறையாக உட்கார்ந்திருந்தது நான்தான்.

ஜன்னலோரம் முதுகுளத்தூர்ப் பக்கத்து முருகேசன் என்பவர். கட்டட வேலையில் இருக்கிறார், லீவு முடிந்து கேம்புக்குத் திரும்புகிறார். ஊர்ப்பக்கத்து ஆள் கிடைத்ததில் மாமிக்கு ஒரே குஷி.

“யாரு வீட்டுக் கல்யாணத்துக்கும்மா போறீக?”

“எங்க மாமியோட பேத்திக்கு.”

“மாமியாரு உசுரோட இருக்காகளா? நல்லது நல்லது. என்ன வயசு இருக்கும்?”

“எம்பது இருக்கும். ஆனா அவுக ஆம்பள” என்றார் மாமி.

முருகேசன் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான இந்தக் கதையை மாமி இப்படித்தான் ஆரம்பிப்பார்.

தொண்ணூறில் இராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது மாமாவும் மாமியும் ஃபஹாஹீலில் குடியிருந்தார்கள். மாமா எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் ஸ்டோர் கீப்பர். பர்னார்டு அங்கே இன்ஜினியர். மாமி வயிற்றில் என் வீட்டுக்காரர். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களை வீடு வீடாகத் தேடிப் பிடித்தார்கள். ஒளித்து வைப்பவர்களுக்குத் தூக்கு என்று அறிவித்தார்கள். ஒரு சாயங்காலம் மாமா, அரிசி மூட்டைகளுக்கு அடியில் பர்னார்டைப் படுக்க வைத்து வேனில் கொண்டுவந்துவிட்டார். பர்னார்டு வாசலைத் தாண்டவில்லை. தான் வெறும் இங்கிலீஷ்காரன் மட்டுமல்ல, யூதனும்தான், தெரிந்துகொண்டு சேர்த்துக்கொள்ளுங்கள், பிறகு வருத்தப்படக் கூடாது என்றாராம். மாமா அடுப்படிக்கு வந்து மாமியிடம் கேட்டார்.

“நான் என்ன சொன்னேன் தெரியுமா? வாசல்ல நிக்கவச்சுக் கேக்குற கேள்வியா இது, மொதல்ல உள்ள கூப்புடுங்கன்னேன்” என்றார் மாமி.

“சரி, எங்க ஒளிச்சீக?”

“ஒளிக்கல. இத்தா உக்கார வச்சுட்டேன்.”

முருகேசனுக்குப் புரியவில்லை. மாமி விளக்கினார். புருஷன் மவுத்தாகிவிட்டால், அதாவது இறந்துவிட்டால், பொண்டாட்டி நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டும். மாமி வீட்டுப் பழக்கத்தில் அது தனி அறை. அந்நிய ஆண் யாரும் அந்த அறைப்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. மாமாவின் உம்மா அதற்குச் சற்று முன்புதான் விசிட்டில் வந்து தங்கிவிட்டு ஊர் திரும்பியிருந்தார். அவர் போகவே இல்லை என்றும், ஊரில் அவர் புருஷன் மவுத்தாகிவிட்டார் என்றும், அவர் உள்ளறையில் இத்தா இருக்கிறார் என்றும் மாமி அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டார். பர்னார்டு தாடி மீசையை வழித்துக்கொண்டு, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, திரைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

“ஆம்பளைக பாக்க முடியாது, சரி. பொம்பளைக வருவாகள்ல?” என்றார் முருகேசன். கெட்டிக்காரர்.

“வரமாட்டாளுக. எங்க மாமி வாய்க்குப் பயம். வாசல்ல நின்னு சலாம் சொல்லிட்டு ஓடிருவாளுக. உள்ளேருந்து இங்கிலீஷ்காரவுக தஸ்பீஹ் மணிய உருட்டுவாக, லேசா இருமுவாக. இருமல்ல எங்க மாமி தோத்துருவாக.”

“அப்ப ஊருல இருந்த அந்தப் பெரியவரு?”

“அங்கதான் வெனை. எங்க பில்டிங்குல இருந்தவுக ஜோர்டான் வழியா ஊருக்குத் தப்பிப் போனாகள்ல, நேரா எங்க மாமனாரு வீட்டுக்கு துக்கம் கேக்கப் போயிட்டாக. கதவத் தொறந்ததே அவுகதான். 'யாரு மவுத்து?'ன்னு கேட்டாகளாம். வந்தவுகளுக்கு என்ன சொல்லன்னு தெரியல. 'நீங்கதான்'னுட்டாகளாம்.”

முருகேசன் சிரித்த சிரிப்பில் ஹுதா விழித்துக்கொண்டாள். அப்புறம் இறங்கும்வரை அழுகைதான். மிட்டாயை எந்தப் பையில் வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

துபாயின் தேரா பகுதியில் ஜமால் மாமா வீட்டில் தங்கினோம். மாமிக்குச் சித்தி மகன், மசாலாச் சந்தையில் கடை வைத்திருப்பவர். ஏலக்காய், உலர்ந்த எலுமிச்சை, ரோஜா மொட்டு என்று வரிசையாக மூட்டைகள் வாய் திறந்திருக்கும் சந்து அது. நம் ஊர்ச் சந்தையில் கையை விட்டு அள்ளி முகர்ந்து பார்ப்போம். இங்கே கடைக்காரரே சிறு கரண்டியால் எடுத்து மூக்கருகே நீட்டுகிறார். ஹுதா மூன்று கடைகளில் தும்மினாள். மூன்று கடைகளிலும் நான் மன்னிப்புக் கேட்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியாப்பமும் ஆட்டுக்கறி ஆணமும். இடியாப்பத்தைப் பிய்த்தபடி ஜமால் மாமா மெல்ல ஆரம்பித்தார்.

“லாத்தா, சொல்றேன்னு கோவிச்சுக்காதீக. காஸாவுல நடக்குறதப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம். இந்த நேரத்துல யூதக்காரவுக கல்யாணத்துக்குப் போயி, அத யாராவது போட்டோ புடிச்சு ஊரு குரூப்புல போட்டாங்கன்னா…”

இதே பயம் எனக்கும் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். மாமி கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“அங்க சாவுற புள்ளைகளுக்கு அஞ்சு வேளையும் துஆ கேக்குறேன் ஜமாலு. கேட்டுக்கிட்டேதான் இருப்பேன். பர்னாடு காக்கா எனக்கு அண்ணன் மாதிரி, என் வீட்டுச் சோறு தின்னவுக. ரெண்டையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டாத.”

ஜமால் மாமா இன்னொரு இடியாப்பம் எடுத்துப் போட்டுக்கொண்டார். கடைசியில், “வெறுங்கையோட போவாதீக, குங்குமப்பூ தாரேன்” என்றார்.

மறுநாள் பர்னார்டைப் பார்க்க ஊரைப் பிரிக்கும் ஓடையைத் தாண்டி அக்கரையிலுள்ள பர் துபாய் போக வேண்டும். அப்ரா என்கிற மரப்படகில் போனோம். நடுவில் பெட்டிபோல ஓர் இருக்கை, இரண்டு பக்கமும் முதுகு காட்டி உட்கார வேண்டும். கைப்பிடிச் சுவர் என்று எதுவும் கிடையாது. நான் ஹுதாவை என் துப்பட்டாவால் என்னோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன். பக்கத்திலிருந்த பாகிஸ்தான்காரர் பார்த்துவிட்டு, “இது கப்பல் இல்லை தங்கச்சி, ஐந்து நிமிடத்தில் கரை வந்துவிடும்” என்று இந்தியில் சொன்னார். அந்த ஐந்து நிமிடத்தில் ஹுதாவின் செருப்பு ஒன்று தண்ணீரில் விழுந்தது. கரையும் வேறு கரை. தேராவில் படகுத்துறை இரண்டு இருப்பதும், ஒவ்வொன்றும் வேறுவேறு துறைக்குப் போவதும் எனக்குத் தெரியாது. பர்னார்டு ஒரு துறையில் காத்திருக்க, நாங்கள் இன்னொரு துறையில் இறங்கினோம். ஃபோனில் மன்னிப்புக் கேட்டபடியே நடந்தேன். துணிக்கடைக்காரர்கள் வழி மறித்து, “வணக்கம் அம்மா, பஷ்மினா, காஷ்மீர்” என்றார்கள். ஒற்றைச் செருப்போடு ஹுதா என் இடுப்பில் உட்கார்ந்து எல்லோருக்கும் கையசைத்தாள்.

அவர் தூரத்திலிருந்தே தெரிந்தார். அவ்வளவு உயரம். கையில் தடி, தலையில் பனாமாத் தொப்பி. மாமியைப் பார்த்ததும் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார்.

“மாமி, சொகமா இருக்கீகளா?” என்றார் மாமி. பழக்கதோஷம். அந்த மாதங்களில் பக்கத்து வீட்டுக்குக் கேட்க வேண்டும் என்று அப்படித்தான் கூப்பிட்டாராம்.

“சொகந்தான் ஜைனம்பு. நீ பசியாறிட்டியா புள்ள?” என்றார் பர்னார்டு.

நான் அசந்து நின்றுவிட்டேன். சுத்தமான கீழக்கரைத் தமிழ், அதுவும் பெண்கள் பேசுகிற தமிழ். கையை ஆட்டுவதும் முகவாயில் விரல் வைப்பதும்கூட அச்சு அசல். அறைக்குள் இருந்து கற்றுக்கொண்ட பாடம். மாமா இறந்து மாமி நிஜமாகவே இத்தா இருந்தபோது, வாரம் தவறாமல் அவரிடமிருந்து ஃபோன் வரும். 'மூணாவது மாசந்தான் கஷ்டம் ஜைனம்பு, அதத் தாண்டிட்டா பழகிரும்' என்று அனுபவசாலியாகத் தைரியம் சொல்வார். மாமி அழுதுகொண்டே சிரிப்பார்.

ஓடைக்கரைக் கடையில் கரக் சாயா வாங்கித் தந்தார். ஏலக்காய் தூக்கலாக, நம் ஊர் டீயைவிட இரண்டு மடங்கு இனிப்பு. நண்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னதும் மாமி பக்கத்துப் பள்ளிவாசலில் பெண்கள் பகுதிக்குத் தொழப் போனார். பர்னார்டு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்துக்கு மாறினார்.

“நாளைக்கு ஜைனம்பு பேசுவாள் என்று ஹன்னா எதிர்பார்க்கிறாள். நீதானே மொழிபெயர்ப்பாய்?”

ஆமாம் என்றேன்.

“என் குடும்பத்துக்குத் தெரிந்த கதை வேறு” என்றார். “நான் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். செய்யது எனக்குச் சாப்பாடு கொண்டுவருவான். சிப்பாய்கள் மேலே ஏறி வந்தபோது சுவரைப் பிடித்துத் தொங்கினேன். துப்பட்டி, இத்தா, ஜைனம்பு செய்த எதுவும் அந்தக் கதையில் இல்லை. ஊர் போய்ச் சேர்ந்த அன்று என் மனைவியிடம் ஒரே ஒரு வரியைத்தான் மாற்றினேன். அந்த வரிக்கு ஏற்றபடி மற்ற எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. என் பேத்தி அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள். நாளை ஒருநாள் மட்டும், கொஞ்சம் பார்த்து மொழிபெயர்ப்பாயா?”

எண்பது வயதுப் பெரியவர் கெஞ்சுகிறார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். யார் எதைக் கேட்டாலும் சரி என்பது என் வியாதி. சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அவர் கதையில் மாமி எங்கே? மாடிக்குச் சோறு ஆக்கி அனுப்பிய ஆள், அதுவும் இருந்தால் உண்டு. அழைப்பில் பெயர் இல்லாததன் காரணமும் அதுதான்.

திரும்பும்போது, படகே வேண்டாம் என்று மெட்ரோவில் ஏறினோம். பெண்கள் பெட்டி. சென்னை மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் ஒரு சந்தையே நடக்கும். இங்கே குளிரும் நிசப்தமும். வண்டிக்குள் தின்றால் அபராதம் என்று நான் மாமியிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன். ஹுதாவின் மூக்கைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், மாமி ஒரு பொட்டலத் தொதலைப் பிரித்து வரிசையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

“மாமி, அபராதம்.”

“தின்னாத்தான அபராதம்? நான் குடுக்கத்தான செய்றேன்.”

மலையாளி நர்ஸ் ஒருத்தி, மணிலாக்காரி ஒருத்தி, முக்காடு போட்ட எத்தியோப்பியப் பெண் ஒருத்தி, மூவர் வாயிலும் தொதல். தொதலைச் சட்டென்று விழுங்க முடியாது, பல்லோடு ஒட்டும். அடுத்த நிலையத்தில் சீருடை போட்ட பெண் அதிகாரி ஏறினாள். மணிலாக்காரி கண்ணை மூடித் தூங்கிவிட்டாள். எத்தியோப்பியப் பெண் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். நர்ஸ் ஃபோனைக் காதில் வைத்து, வாயைத் திறக்காமல் “ம்… ம்…” என்று யாருக்கோ சம்மதம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதிகாரி ஹுதாவின் செருப்பில்லாத காலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த நிலையத்தில் இறங்கிப் போய்விட்டாள்.

“நாளைக்கு நான் பேசுறத அப்புடியே இங்கிலீஷ்ல சொல்லணும் புள்ள” என்றார் மாமி. “அந்தப் பட்டாளத்துக்காரன் கதவுல கை வச்ச எடத்துல ஒரு சொல்லு கொறையக் கூடாது. அதுக்குத்தான் இம்புட்டு தூரம் வந்திருக்கேன்.”

அதற்கும் சரி என்றேன்.

கல்யாணம் கடற்கரையோர ஓட்டல் ஒன்றின் தோட்டத்தில். வாசலில் பைகளைச் சோதித்த பிறகு, இன்னொரு சோதனை தொதலுக்கு. தாடி வைத்த ஒருவர் மன்னிப்புக் கேட்கும் குரலில், வெளிச் சாப்பாடு உள்ளே போக முடியாது, இது எங்கள் மார்க்கச் சட்டப்படி நடக்கும் சமையலறை என்றார். நான் பயந்தபடி மாமிக்குச் சொன்னேன். மாமிக்குக் கோபமே வரவில்லை.

“ஹலால் மாதிரி இவுகளுக்கும் இருக்கா? பெரிய விசயந்தான். அறுக்குறப்ப யாரு பேரச் சொல்லி அறுப்பாகன்னு கேளு.”

கேட்டேன். இறைவன் பெயரை என்றார். கத்தி எப்படி இருக்க வேண்டும் என்று மாமி கேட்டார். மயிரிழைப் பிசிறுகூட இருக்கக் கூடாது என்றார். ரத்தத்தை என்ன செய்வீர்கள் என்றார் மாமி. உப்புப் போட்டு எடுத்துவிடுவோம் என்றார் அவர். பின்னால் வரிசை நீண்டது. இரண்டு பேரும் பரம திருப்தியோடு தலையாட்டிக்கொண்டார்கள். தொதல் டப்பா வாசல் மேசையில் தங்கியது, நாங்கள் உள்ளே போனோம்.

நாலு கம்பில் ஒரு வெள்ளைத் துணிப் பந்தல். அதன் அடியில் மணமக்கள். எல்லாம் முடிந்ததும், துணியில் சுற்றிய கண்ணாடித் தம்ளரை மாப்பிள்ளை காலால் மிதித்து உடைத்தார். சில் தெறிக்குமோ என்று நான் ஹுதாவைத் தூக்கிக்கொண்டு இரண்டு வரிசை பின்னால் போய்விட்டேன்.

“நாம ஒடச்சா ஏச்சு. இவுக ஒடச்சா கைதட்டு” என்றார் மாமி.

சாப்பாட்டு நேரத்தில் ஹன்னா மைக்கைப் பிடித்தாள். தாத்தாவின் கதையைச் சொன்னாள். மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, சுவரில் தொங்கியது, சாப்பாட்டுத் தூக்குடன் படியேறி வந்த செய்யது. எல்லோரும் கதை கேட்டு உருகினார்கள். “அந்தச் சாப்பாட்டைச் சமைத்தவர் இன்று நம்மோடு இருக்கிறார்” என்று மாமியைக் காட்டினாள். கைதட்டல். பர்னார்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொல்லுறா?” என்றார் மாமி.

“உங்களப் பத்தி நல்லதா சொன்னா மாமி.”

“ரூஃபுங்குறா, குக்குங்குறா. குவைத்துல இருந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா? உள்ளதச் சொல்லு.”

பொய் எனக்குச் சீக்கிரம் வராது. சொல்லிவிட்டேன். நேற்று பர்னார்டு என்னிடம் கேட்டுக்கொண்டதையும் சேர்த்து, காதோடு, அவசர அவசரமாக. மாமியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் மைக் அவர் கைக்கு வந்துவிட்டது. எனக்கு இன்னொரு மைக்.

மாமி எழுந்து நின்றார். பர்னார்டைப் பார்த்தார். அவர் நிமிரவில்லை.

“ஆமா” என்றார் மாமி. “இவுக ரூஃபுலதான் இருந்தாக.”

நான் மாமியைப் பார்த்தேன். “சொல்லு புள்ள” என்றார். சொன்னேன்.

“நல்ல வெயிலு. தொட்டி கொதிக்கும். இவுக சிங்கம் மாதிரி உக்காந்திருப்பாக. பட்டாளத்துக்காரன் ஏறி வந்தா ஒரே தாவு, சுவத்தப் புடிச்சுத் தொங்குவாக. ஒரு கையிலதான் தொங்குவாக. இன்னொரு கையில சோத்துத் தூக்கு இருக்கும்ல.”

கூட்டம் சிரித்தது, கைதட்டியது. இவ்வளவு தூரம் எதைச் சொல்ல வந்தாரோ அதை விழுங்கிவிட்டு, மாமி அந்த மனிதரை இன்னொரு தடவை ஒளித்து வைத்துக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்டுக்காரவுகதான் எல்லாம் பாத்தாக. நான் சோறு…”

“போதும் ஜைனம்பு.”

பர்னார்டு தமிழில்தான் சொன்னார். தடியை ஊன்றி எழுந்துவிட்டார். “ஒரு தடவ எனக்காகப் பொய் சொன்னது போதும் புள்ள. நீ உக்காரு.”

பிறகு அவர் ஆங்கிலத்தில் பேச, நான் மாமிக்குத் தமிழில் சொன்னேன். மாடி இல்லை, தொட்டி இல்லை, எல்லாம் பொய் என்றார். துப்பட்டியைச் சொன்னார். இத்தாவைச் சொன்னார். மவுத்தானவரே கதவைத் திறந்ததைச் சொன்னபோது, மாமியின் மேசைக்கு எதிரே இருந்த ஒரு கிழவி சிரித்துச் சிரித்துத் தண்ணீர் கேட்டாள்.

“ஒருநாள் சிப்பாய்கள் வந்தார்கள். ஒருவன் என் அறைக் கதவின் பிடியில் கை வைத்துவிட்டான். இவள் நிறைமாதத்துக்குப் பக்கம். கதவுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றாள். அவளுக்கு அரபியில் வாக்கியம் பேச வராது. 'இத்தா' என்றாள். அது அவன் மொழியிலும் இருக்கிற சொல். அவன் கையை எடுத்தான். என் உம்மாவும் இத்தா இருந்தார், வாப்பா சண்டையில் போய்விட்டார் என்றான். கதவைப் பார்த்து, அதாவது என்னைப் பார்த்து, எனக்காக துஆ கேளுங்கள் அம்மா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.”

சிரிப்பு நின்றிருந்தது.

“எனக்குத் துப்பட்டி வெட்கமில்லை” என்றார். “வயிற்றுப்பிள்ளைக்காரி துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிறாள். நான் ஆறடி ஆண்பிள்ளை, உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். எழுந்திருக்கவில்லை. அந்த ஒரு வரியைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.”

நான் சொல்லி முடிக்கும்வரை மாமி காத்திருந்தார். பிறகு என் கையிலிருந்த மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“உக்காந்திருந்ததுதான் வேலையே. இத்தா இருக்குற கெழவி ஆறடிக்கு எந்திரிச்சு நின்னா அவன் வுடுவானா? இவுக எந்திரிச்சிருந்தா நாங்க மூணு பேரும், வயித்துல இருந்த இவ புருஷனோட நாலு பேரும், அன்னிக்கே மவுத்து. நிக்க எனக்குத் தெரியும். அன்னிக்கு உக்காரத் தெரிஞ்சவுக ஒருத்தர் வேணும். இவுக உக்காந்தாக.”

ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன். ஹன்னா தன் வெள்ளை உடையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். தாத்தாவிடம் போவாள் என்று நினைத்தேன். மாமியிடம் வந்து, “உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?” என்று கேட்டாள். நான் பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது முயற்சியில் ஜைனம்பு என்று சரியாக வந்தது. மாமி அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடக்கிட்டார். அதன் பிறகுதான் அவள் தாத்தாவைக் கட்டிக்கொண்டு, இத்தனை வருடமும் மொக்கைக் கதையைச் சொல்லி ஏமாற்றிவிட்டாயே, இதுதானே நல்ல கதை என்று அவர் தோளில் குத்தினாள்.

இசை ஆரம்பித்தது. நாற்காலிகள் வந்தன. மணமக்களை நாற்காலியோடு தூக்கி ஆடுவது அவர்கள் வழக்கம். பெல்ட் இல்லை, பிடி இல்லை, அப்ராவே பரவாயில்லை. மணமக்களை இறக்கியதும் ஹன்னாவின் தோழிகள் மாமியைச் சூழ்ந்துகொண்டார்கள். மாமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார்.

“என்னைய வேணாம்னு சொல்லு புள்ள. அவுகளத் தூக்கச் சொல்லு. உக்காந்து பழகுனவுக அவுகதான்.”

சொன்னேன். தோட்டமே அதிர்ந்தது. மாப்பிள்ளையும் அவர் நண்பர்களும் ஓடிப்போய் பர்னார்டை நாற்காலியோடு தூக்கிவிட்டார்கள். தொப்பி பறந்தது. எண்பது வயது, எலும்பு முறிந்தால் சேராது, மருத்துவமனை எங்கே இருக்கிறது என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஹுதா கைதட்டிக் குதித்தாள். நாற்காலி அலைபோல ஏறி இறங்கியது. அவர் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பும் பயமுமாக மாமியைத் தேடினார்.

“ஜைனம்பு, தல சுத்துது புள்ள, எறக்கச் சொல்லு” என்று தமிழில் கத்தினார்.

தூக்கியிருந்த பையன்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், தாத்தா என்ன சொல்கிறார் என்று. மாமி என் முழங்கையைப் பிடித்தார்.

“இத மட்டும் சொல்லிராத” என்றார்.

“இன்னும் உயரமாகத் தூக்கச் சொல்கிறார்” என்றேன் நான் ஆங்கிலத்தில்.